சுருட்டை முடியின் மேல் படிந்து கிடப்பவை

சுருட்டை முடி உள்ளவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு சீக்கிரமே ஒரு புகாரில் வந்து நிற்கும்: என்ன போட்டாலும் முடி வறண்டுதான் கிடக்கிறது. கண்டிஷனரை மாற்றிப் பார்த்தாயிற்று. அதற்கு மேல் கிரீம், அதற்கு மேல் ஜெல், நுனிக்கு எண்ணெய், வாரக்கடைசியில் ஹேர் மாஸ்க். தொடக்கத்தில் சுருள்கள் துள்ளிக்கொண்டு நின்றன. இப்போது அதே பாட்டில்கள், அதே கைகள். முடி மட்டும் தொய்ந்து, மங்கி, தொட்டால் மெழுகும் சொரசொரப்பும் கலந்தாற்போல இருக்கிறது. இதை யார் சொன்னாலும் நான் கேட்பது ஒன்றுதான்: போட்டதையெல்லாம் கடைசியாக எப்போது முழுவதும் கழுவி எடுத்தீர்கள்? பெரும்பாலும் பதில் வருவதில்லை. அந்த முடிக்கு இன்னொரு பொருள் வேண்டியதில்லை. ஏற்கெனவே போட்டது இன்னும் அதன் மேலேயே இருக்கிறது. அதை முதலில் எடுக்க வேண்டும்.

வறட்சி என்று விரல் சொல்வதை நாம் அப்படியே நம்பிவிடுகிறோம். முடிக்குள் எவ்வளவு நீர் இருக்கிறது என்பது விரலுக்குத் தெரியாது. அது உணர்வது உராய்வை மட்டுமே. மேற்பரப்பின் நுண்செதில்கள் தூக்கிய முடியும் சொரசொரக்கும், மேலே திட்டுத்திட்டாகப் பசை காய்ந்த முடியும் சொரசொரக்கும். இரண்டுக்கும் நாம் வைக்கும் பெயர் ஒன்றே. பெயர் ஒன்றானதும் மருந்தும் ஒன்றாகிவிடுகிறது: இன்னும் கொஞ்சம் கிரீம், இன்னும் கொஞ்சம் எண்ணெய். முதல் வகை முடிக்கு அது உதவும். இரண்டாம் வகை முடிக்கு அது படலத்தின் மேல் இன்னொரு படலம்.

சுருட்டை முடி இப்படிச் சேர்த்துக்கொள்வதற்கு அதன் வடிவமே பாதிக் காரணம். நேர்முடியின் குறுக்குவெட்டு ஏறக்குறைய வட்டமாக இருக்கும். சுருள்முடியுடையது நீள்வட்டம்; அது முளைத்துவரும் மயிர்க்காலும் தோலுக்குள்ளேயே வளைந்திருக்கிறது. தலைத்தோல் சுரக்கும் எண்ணெய் நேர்முடியில் தடையின்றி இறங்கும். சுருளில் ஒவ்வொரு வளைவும் அதற்கு ஒரு தடை. ஆகவே வேரில் பிசுக்கும் நுனியில் வறட்சியும் ஒரே தலையில் சேர்ந்து வாழ்கின்றன. முடியின் மேல்தோல் ஓட்டுக்கூரையைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய செதில்களால் ஆனது. வளைவுகளில் அந்தச் செதில்களின் விளிம்பு சற்றே தூக்கியிருக்கும். தேய்மானம் தொடங்குவதும் அங்கேதான், பூசியது ஒட்டிக்கொள்வதும் அங்கேதான்.

மீதிப் பாதி நம் பழக்கம். சுருள்முடிக்காரர்கள் தலைக்குக் குளிப்பது குறைவு, பூசுவது அதிகம். இதில் தவறில்லை, அந்த முடிக்கு அதுதான் ஏற்றது. ஆனால் கணக்கு ஒன்றைப் பார்க்க வேண்டும். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளர்கிறது. சுருளை இழுத்துப் பிடித்து அளந்து 36 செ.மீ. இருந்தால் அதன் நுனிக்கு வயது மூன்று. மூன்று ஆண்டுகளாக நாம் தடவிய ஒவ்வொன்றையும், குளித்த தண்ணீரின் உப்பையும், அந்த நுனி சந்தித்திருக்கிறது.

அங்கே படிந்திருப்பது ஒரே பொருள் அல்ல என்பதுதான் இதில் நான் மிக முக்கியமாக நினைப்பது. ஒவ்வொன்றும் ஒட்டுகிற விதம் வேறு, விலகுகிற விதமும் வேறு. கண்டிஷனரை எடுத்துக்கொள்வோம். நீரில் நனைந்த முடியின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது. சேதமான இடங்களில் அது இன்னும் அதிகம். கண்டிஷனரில் இருக்கும் பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு, செட்ரிமோனியம் குளோரைடு போன்றவை நேர்மின்னூட்டம் கொண்டவை. இரண்டும் ஒன்றையொன்று ஈர்த்துக்கொள்வதால்தான் அலசிய பிறகும் கண்டிஷனரின் வழுவழுப்பு முடியில் தங்குகிறது. தங்குவது அதன் வேலை. பாலிகுவாட்டர்னியம் வகைப் பாலிமர்களும் இதே ஈர்ப்பில் படிகின்றன, இன்னும் உறுதியாக. ஷாம்பு, ஜெல், கிரீம் எனப் பலவற்றிலும் இவை இருக்கக்கூடும்.

சிலிக்கோன்களின் கதை வேறு. டைமெதிகோன் நீரில் கரையாது. முடியின் மேல் மெல்லிய படலமாகப் பரவிச் சிக்கைக் குறைக்கும், பளபளப்பு தரும். நல்ல பொருள்தான், அதைத் தீண்டத்தகாததாகச் சிலர் பேசுவதை நான் ஏற்பதில்லை. அமோடைமெதிகோன் சேதமான இடங்களைத் தேடிப் பற்றிக்கொள்ளும். சைக்ளோபென்டாசிலாக்சேன் சிறிது நேரத்தில் ஆவியாகிவிடும், அதனால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம். பெயருக்கு முன்னால் 'பெக்' என்று தொடங்கும் டைமெதிகோன்கள் நீரோடு எளிதில் போய்விடும். ஆகவே லேபிளில் 'கோன்' என்று முடியும் பெயரைப் பார்த்ததும் பாட்டிலை வைத்துவிட வேண்டியதில்லை. அதைக் கழுவி எடுக்கக்கூடிய ஷாம்புவும் நம்மிடம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

எண்ணெய், வெண்ணெய், மெழுகு ஆகியவை மூன்றாவது கூட்டம். தேங்காய் எண்ணெய் முடியின் உள்ளே ஓரளவு புகும். 2003இல் வெளியான ஓர் ஆய்வு, தேங்காய் எண்ணெய் முடியின் புரத இழப்பைக் குறைத்ததையும் மினரல் எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் அப்படிச் செய்யாததையும் காட்டியது. ஷியா வெண்ணெய், விளக்கெண்ணெய், பெட்ரோலாட்டம் போன்ற கனமானவை பெரும்பாலும் மேலேயே நிற்கும். தேன்மெழுகுதான் இருப்பதிலேயே பிடிவாதமானது. அது உருகுவது 62 முதல் 64 டிகிரி செல்சியஸில். தலை தாங்கும் வெந்நீர் அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, அவ்வளவே. மெழுகை வெந்நீரால் உருக்கி எடுத்துவிடலாம் என்ற நினைப்பு தலைத்தோலைத்தான் சுடும்.

நான்காவது, நாம் வாங்காமலேயே வருவது: தண்ணீரில் உள்ள கால்சியம், மக்னீசியம், சில இடங்களில் செம்பு, இரும்பு. இதற்குப் பிறகு வருகிறேன்.

படிவு இருக்கிறதா என்று எப்படி அறிவது? என் அக்கா மகள் ஒருமுறை தன் தலையை என்னிடம் காட்டி, "சித்தி, முடிக்குள் தண்ணீரே இறங்க மாட்டேன் என்கிறது" என்றாள். குழாயடியில் ஒரு கற்றையைப் பிரித்து நீரைச் சரித்தேன். துளிகள் சுருளின் மேல் உருண்டு வளைவுகளில் நின்றன. உள்ளே இருந்த இழைகள் உலர்ந்தே இருந்தன. இதை வைத்து மட்டும் முடிவுக்கு வரக்கூடாது. முடியின் மேற்பரப்பில் இயற்கையாகவே ஒரு நுண்ணிய கொழுப்புப் படலம் உண்டு. ப்ளீச்சோ சாயமோ காணாத முடி, குறிப்பாக வேர்ப்பகுதி, தண்ணீரை ஓரளவு உதறத்தான் செய்யும். அதனால் ஒற்றை இழையை எடுத்துக் கட்டைவிரல் நகத்துக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து மெதுவாக இழுத்தேன். நகத்தின் விளிம்பில் சாம்பல் கலந்த வெள்ளைப் பசை சேர்ந்தது. இன்னோர் இழையை அவளே இழுத்தாள். அவள் நகத்திலும் அதேதான். "இது பொடுகா?" என்று கேட்டாள். பொடுகு முடியின் நடுவில் இருக்காது, தலைத்தோலில் இருக்கும் என்றேன்.

அடுத்து அவளுடைய லீவ்-இன் கண்டிஷனரில் (அலசாமல் முடியிலேயே விடுவது) ஒரு துளியும் ஜெல்லில் ஒரு துளியும் அவள் உள்ளங்கையில் வைத்துத் தேய்க்கச் சொன்னேன். சில நொடிகளிலேயே அது தயிர் திரிவது மாதிரித் திரிந்து வெள்ளைத் துணுக்குகளாக உருண்டது. கார்போமர் போன்ற எதிர்மின்னூட்டக் கெட்டிப்பான்கள் உள்ள ஜெல், நேர்மின்னூட்டக் கண்டிஷனரைச் சந்திக்கும்போது இப்படி நிகழக்கூடும். தனித்தனியே இரண்டும் குறையில்லாதவை, சேர்ந்தால்தான் சிக்கல். புதிதாக எதையும் வாங்கியவுடன் முதலில் உள்ளங்கையில் இப்படிச் சேர்த்துப் பாருங்கள். தலையில் தெரிய வேண்டியது கையிலேயே தெரிந்துவிடும்.

அன்று அவள் தலையைக் கழுவிய முறையையே இங்கே சொல்கிறேன். அதில் புதுமை இல்லை, பொறுமைதான் இருந்தது. நனைப்பதற்கு முன்பே சிக்கெடுத்துவிட்டோம், விரல்களால், கொஞ்சம் எண்ணெய் தொட்டு. படிவு நீங்கிய முடி உடனே ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஈரமான முடி எளிதில் நீளும், எளிதில் அறும். அந்த நேரத்தில் சிக்கெடுத்தால் கையோடு வரும் முடி அதிகம். தொட்ட எண்ணெய்க்கு இன்னொரு வேலையும் இருந்தது. அவள் பயன்படுத்திய போமேடில், அதாவது முடியைப் படியவைக்கும் பசையில், மெழுகு இருந்தது. மெழுகை நீர் கரைக்காது, எண்ணெய் இளக்கும். அதைத் தடவிக் கொஞ்ச நேரம் விட்டு, நீர் சேர்க்காமல் அதன் மேலேயே ஷாம்புவைப் போட்டுப் பிசைந்தால் எண்ணெயும் மெழுகும் ஷாம்புவோடு சேர்ந்து பால்போல வெளுக்கும். அதற்குப் பிறகுதான் தண்ணீர்.

தலையை நான்கு பகுதிகளாகப் பிரித்துத் தளர்வாக முறுக்கி வைத்துக்கொண்டோம். வெதுவெதுப்பான நீரை நிறைய விட்டு நன்றாக ஊறவிட்டு, ஒவ்வொரு முறுக்காக அவிழ்த்துக் கழுவினோம். ஷாம்புவைத் தலைத்தோலுக்கு மட்டும் போடு, நுரை வழிந்து நுனியைப் பார்த்துக்கொள்ளும் என்பது வழக்கமான அறிவுரை. வாராந்திரக் குளியலுக்கு அது சரி. படிவை எடுக்கும் நாளில் அது போதாது, ஏனென்றால் படிவு இருப்பது முடியின் நீளத்தில். உள்ளங்கைகளுக்கு இடையில் கற்றையை வைத்து, மேலிருந்து கீழாக மட்டும், அழுத்தி வழிக்க வேண்டும். உச்சியில் குவித்துக் கசக்கினால் சுத்தமான சிக்குதான் கிடைக்கும்.

முதல் முறை நுரை வரவே இல்லை. "ஷாம்பு போதவில்லை, இன்னும் ஊற்றுங்கள்" என்றாள். போதாததால் அல்ல, எண்ணெயும் படிவும் நுரையைக் கொல்லும். அலசிவிட்டு இரண்டாம் முறை பாதி அளவே போட்டோம், நுரை பொங்கியது. கழுவி முடிந்ததா என்பதற்கு இதைவிட நல்ல அறிகுறி எனக்குத் தெரியாது. அலசும்போது விரல் வழுக்காமல் முடியைப் பற்றியது. பின்கழுத்தில், காய்வதற்கு முன்பே, சிறு சுருள்கள் தாமாகவே திரும்பி எழுந்தன. முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் நீரில் அவிழ்ந்து, உலரும்போது மறுபடி கோத்துக்கொள்கின்றன. மேலே சுமையும் பசையும் இல்லாதபோது சுருள் தன் சொந்த வடிவத்திலேயே கோத்துக்கொள்கிறது.

எந்த ஷாம்பு என்று கேட்பார்கள். கிளாரிஃபையிங் ஷாம்பு என்று விற்கப்படுபவை இதற்காகவே ஆனவை. அது கையில் இல்லாவிட்டால் லேபிளைப் படிக்கலாம். சோடியம் லாரெத் சல்ஃபேட்டோ சோடியம் சி14-16 ஓலெஃபின் சல்ஃபோனேட்டோ முன்வரிசையில் இருக்க வேண்டும். டைமெதிகோன், பாலிகுவாட்டர்னியம், குவார் ஹைட்ராக்சிப்ரோப்பைல்ட்ரைமோனியம் குளோரைடு ஆகியவை எங்கும் இருக்கக் கூடாது. ஒரு கையால் எடுத்து மறு கையால் பூசும் ஷாம்பு அன்றாடத்துக்கு இதமானது. இந்த வேலைக்கு உதவாது.

இங்கே சிலர் முகம் சுளிப்பார்கள்: சல்ஃபேட்டா? இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் புரிகிறது. 2001இல் இங்கிலாந்தில் பிறந்த முடி ஒப்பனையாளர் லொரெய்ன் மாஸி வெளியிட்ட முறை, சுருள்முடிக்கு நுரைக்கும் ஷாம்புவே வேண்டாம், கண்டிஷனராலேயே கழுவலாம் என்றது. நேராக்கும் இரும்பிலிருந்தும் கடுமையான கழுவலிலிருந்தும் எத்தனையோ தலைகளை அது காப்பாற்றியிருக்கிறது. தன் சுருளைத் தானே விரும்பக் கற்றுக்கொடுத்ததற்காக எனக்கு அதன் மேல் மதிப்பு உண்டு. ஆனால் அந்த முறையில் சிலிக்கோனுக்கும் இடம் இல்லை. சிலிக்கோனை வைத்துக்கொண்டு ஷாம்புவை மட்டும் விட்டுவிட்டவர்களின் தலையில்தான் படிவு மலையாகிறது. சல்ஃபேட்டை எப்போதாவது ஒருமுறை, அளவாக, பிறகு கண்டிஷனரோடு பயன்படுத்துவதால் முடி கெட்டுவிடாது. அதைப் பற்றிய அச்சத்தில் மாதக்கணக்கில் கழுவாமல் விட்ட தலைத்தோல் அரிப்பெடுத்துச் செதில் உதிர்ப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. அமெரிக்கத் தோல்மருத்துவ அகாடமி, ஆப்பிரிக்க வம்சாவளியினரின் இறுக்கமான சுருள்முடிக்கே வாரத்துக்கு ஒருமுறையோ இரு வாரத்துக்கு ஒருமுறையோ கழுவச் சொல்கிறது. அதற்கு அது தரும் காரணம், பூசும் பொருள்கள் படிந்து முடியை வறட்டிவிடும் என்பது.

இனி தண்ணீர். நன்றாகக் கழுவிய பிறகும் முடி விறைப்பாக, மங்கலாக, நாரைப் போல இருந்தால் ஷாம்புவைக் குறை சொல்லாதீர்கள். லிட்டருக்கு 120 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் கார்பனேட் கணக்கில் இருந்தால் அது கடினநீர். 180ஐத் தாண்டினால் மிகக் கடினம். கால்சியம் முடியின் எதிர்மின்னூட்ட இடங்களில் போய்ப் பிணைந்துகொள்கிறது. ப்ளீச் செய்த, சாயம் போட்ட முடி இன்னும் அதிகமாக வாங்கிக்கொள்ளும். சாதாரண சோப்பால் தலை கழுவுகிறவர்களுக்கு இது இரட்டிப்பு. சோப்பும் கால்சியமும் சேர்ந்து நீரில் கரையாத பிசுக்காக முடியிலேயே தங்கும். நுரைக்கும் பொருள் எவ்வளவு வலுவாக இருந்தாலும் இந்தத் தாதுக்களைத் தொடாது. அவற்றைப் பற்றி இழுத்துச் செல்ல ஈ.டி.டி.ஏ., பைட்டிக் அமிலம், சோடியம் குளுக்கோனேட் போன்றவை போதிய அளவில் வேண்டும். ஈ.டி.டி.ஏ. பெரும்பாலான ஷாம்புகளில் இருக்கிறதே என்றால், லேபிளில் அதன் இடத்தைப் பாருங்கள். பொருள்கள் அளவின் இறங்குவரிசையில் எழுதப்படுகின்றன, 1 சதவீதத்துக்குக் கீழே மட்டும் எந்த வரிசையிலும் இருக்கலாம். வாசனைத் திரவியத்துக்கும் பின்னால் ஒளிந்திருக்கும் ஈ.டி.டி.ஏ. ஷாம்பு கெடாமல் இருப்பதற்காகச் சேர்த்தது, உங்கள் முடிக்காக அல்ல. கீலேட்டிங் ஷாம்பு என்று தனியாக விற்பதில் அது முன்னால் வரும். நீச்சல் குளத்துக்குப் போகிறவர்களுக்கும் இதுவே. வெளிர்நிற முடியைப் பச்சையாக்குவது குளத்து நீரில் உள்ள செம்பு.

ஷவரில் மாட்டும் வடிகட்டி குளோரினைக் குறைக்கும். கடினத்தன்மையைக் குறைக்க அயனிப் பரிமாற்றம் செய்யும் மென்னீராக்கி வேண்டும். இரண்டையும் ஒன்றென்று நம்பிக் காசு செலவழிக்க வேண்டாம்.

படிவை எடுக்கச் சிலர் சொல்லும் சமையல் சோடாவைப் பற்றி நான் கடுமையாகத்தான் பேசுவேன். அதன் கரைசலின் பி.எச். 8க்கு மேல், தலைத்தோலுடையது 5.5 அளவில். காரத்தில் முடி வீங்கும், செதில்கள் தூக்கும், கரையாத துகள்கள் செதிலை உரசும். ஏற்கெனவே வளைவுகளில் தூக்கி நிற்கும் செதில்களுக்கு இது வேண்டவே வேண்டாம். வினிகர் அவ்வளவு மோசமில்லை. நிறைய நீரில் கலந்து கடைசியாக அலசினால் செதில்களைப் படியவைக்கும், லேசான தாதுப் படிவையும் கொஞ்சம் இளக்கும். சிலிக்கோனையும் மெழுகையும் அது ஒன்றும் செய்யாது. சோடாவையும் வினிகரையும் சேர்த்துக் கலக்கிப் பொங்கவிடுவது பார்க்க நன்றாக இருக்கும். அங்கே நடப்பது அமிலமும் காரமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வது மட்டுமே.

தலைத்தோலில் சிவப்பும் மஞ்சளான எண்ணெய்ச் செதில்களும் இருந்தால் அது படிவு அல்ல. மலாசீசியா என்ற பூஞ்சை தோலெண்ணெயைத் தின்று வாழ்வது. அது மிஞ்சும்போது கீட்டோகோனசோல் போன்ற மருந்து ஷாம்பு தேவைப்படும், தோல் மருத்துவரும் தேவைப்படுவார். அந்த நேரத்தில் தலைத்தோலில் எண்ணெய் தேய்ப்பது பூஞ்சைக்குத் தீனி போடுவதாகும்.

படிவு நீங்கிய முடியைக் கண்டிஷனர் இல்லாமல் விடக்கூடாது. தேய்த்து, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்து, சில நிமிடம் விட்டு அலசுங்கள். சாயம் போட்டவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: வலுவான ஷாம்பு சாயத்தையும் கொஞ்சம் எடுத்துச் செல்லும், சாயம் போடுவதற்குச் சில நாள் முன்பாக இந்த வேலையை வைத்துக்கொள்வதே நல்லது. எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதற்கு எல்லாருக்கும் பொதுவான கணக்கு கிடையாது. தினமும் ஜெல்லும் கிரீமும் போடுகிறவருக்கு மாதத்துக்கு ஒருமுறை தேவைப்படலாம். லேசான கண்டிஷனரோடு நிறுத்திக்கொள்பவருக்கு இரண்டு மூன்று மாதம் தாங்கும். நகத்தால் ஓர் இழையை இழுத்துப் பார்ப்பதே போதும்.

அதற்குப் பிறகு அக்கா மகளிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். பழைய வரிசை முழுவதையும் மறுநாளே தலையில் ஏற்றிவிடாதே. முதலில் கண்டிஷனர் மட்டும், இரண்டு மூன்று குளியல் கழித்து ஜெல், அதற்கும் பிறகு வேண்டுமானால் கிரீம். இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்தால்தான் சுருளைத் தொய்யவைப்பது எது என்று தெரியும். அவள் கிரீம் வரைக்கும் போகவே இல்லை. ஜெல்லோடு நின்றுவிட்டாள், அதுவும் வேறு ஜெல்.